கிளிநொச்சிக்கு வீடு மாறுகிறோம்: தரம் 1ஐ நினைத்து எங்கே வீடு பார்ப்பது?

பங்குனி 9, புதுக்குடியிருப்பு அம்மா

அடுத்த வருசம் கிளிநொச்சிப் பக்கம் வாறதா முடிவு. மூத்தவன் 2022 மாசி 15 பிறந்தவன், சின்னவளுக்கு ஒரு வயசு. கனகபுரம், திருநகர், உதயநகர், ஜெயந்திநகர் எண்டு வாடகைக்கு வீடு பாக்கிறம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீற்றருக்குள்ள வீடு இருந்தா கட்டாயம் இடம் தரவேணும் எண்டு சொல்லினம். உண்மையோ? அப்பிடியெண்டா ரவுண் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வாடகை கூடக் குடுத்தெண்டாலும் எடுக்கலாம். தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

பங்குனி 9, இரவு, முறிகண்டி

ஒரு கிலோமீற்றர் கணக்கு இலங்கையில் இல்லை. அதை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி.

அரச பாடசாலையில் தரம் 1க்குச் சேர்ப்பது கல்வி அமைச்சு ஆண்டுதோறும் விடும் சுற்றுநிருபத்தின்படி. இடங்களை ஆறு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பாடசாலையில் 100 இடம் என்று வையுங்கள். அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு 50. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25. ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகளுக்கு 15. கல்வித்துறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு 5. சேவை அவசியம் கருதி இடமாற்றப்பட்ட அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4. வெளிநாட்டில் பிள்ளையோடு இருந்து திரும்பியவர்களுக்கு 1. ஒரு பிரிவில் ஆள் போதாவிட்டால் மிச்ச இடம் மற்றப் பிரிவுகளுக்குப் போகும்.

நீங்கள் கேட்பது முதற்பிரிவு. அதற்குப் புள்ளி 100. அதில் 50 தூரத்துக்கு. மற்ற 50 நீங்கள் அந்த வீட்டில் உண்மையாக, பல ஆண்டாக இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் கடதாசிகளுக்கு: வாக்காளர் இடாப்பு, காணி உறுதி அல்லது குத்தகை, மின் பட்டியல் போன்றவை. வீடு பள்ளி மதிலோடு ஒட்டியிருந்தாலும் கடதாசி இல்லாவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும்.

பங்குனி 10, முறிகண்டி

பிறந்த திகதியை நேற்றே கவனித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் தை 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். மாசி 15 பிறந்த மகனுக்கு 2027 தை 31 அன்று 5 நிறைய இரண்டு கிழமை குறைவு. ஆகவே அவர் சேர்வது 2028இல், விண்ணப்பிப்பது 2027இல்.

வாக்காளர் இடாப்பு வழக்கமாக விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்திய ஐந்து ஆண்டுக்குப் பார்ப்பார்கள். 2027இல் விண்ணப்பித்தால் 2022, 2023, 2024, 2025, 2026. அந்த ஐந்து இடாப்பிலும் உங்கள் இருவர் பெயரும் புதுக்குடியிருப்பில் இருந்தால், கிளிநொச்சியில் நேற்றுத் தொடங்கிய வாடகை அந்தப் பகுதிப் புள்ளியைத் தராது. இன்று மாறினாலும் ஓரிரண்டு ஆண்டுக்குரியது மட்டும்தான் சேரும்.

சனம் இங்கேதான் பிழைவிடுகிறது. பிள்ளைக்கு நாலு வயதானதும் வீடு தேடத் தொடங்குகிறார்கள். இடாப்புக் கணக்கோ பிள்ளை பிறந்த வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பங்குனி 10, வட்டக்கச்சி

முறிகண்டி அண்ணா சொன்னது சரி. தூரத்தை மட்டும் நான் விளக்கிறன், ஏனெண்டா அதிலதான் கன பேர் ஏமாறினம்.

மீற்றர் எவ்வளவு எண்டதுக்குப் புள்ளி இல்லை. உங்கட வீட்டை நடுவாக வைச்சு, நீங்கள் கேக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு வட்டம் கீறுவினம். அந்த வட்டத்துக்குள்ள வேற எத்தனை அரச பள்ளிக்கூடம் இருக்கு எண்டு எண்ணுவினம். ஒண்டும் இல்லையெண்டா 50உம் கிடைக்கும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கழியும். மூண்டு கிலோமீற்றர் தள்ளி இருந்தும் வட்டத்துக்குள்ள வேற ஒரு பள்ளிக்கூடமும் இல்லாதவருக்கு 50 வரும். எண்ணூறு மீற்றரில இருந்தும் வட்டத்துக்குள்ள வேற மூண்டு பள்ளிக்கூடம் உள்ளவருக்குக் குறையும்.

பங்குனி 10, முறிகண்டி

நல்ல விளக்கம். கிளிநொச்சி ரவுணைச் சுற்றி ஊருக்கு ஊர் ஆரம்பப் பிரிவு உள்ள பாடசாலை இருப்பதால் இந்தக் கழிவு இங்கே பெரிதாக அடிக்கும். வாடகைக்கு வீடு பார்க்க முதல் இதைச் செய்யுங்கள்:

வலயக் கல்வி அலுவலகத்தில், அல்லது கோட்டக் கல்வி அலுவலகத்தில், அந்தப் பக்கத்துப் பாடசாலைகளின் பட்டியல் கேளுங்கள். தரம் 1 உள்ளவற்றை மட்டும் குறியுங்கள். 6ஆம் தரத்திலிருந்து தொடங்கும் கல்லூரி கணக்கில் வராது. தனியார் பள்ளியும் வராது. உங்கள் பிள்ளையைச் சேர்க்கவே முடியாதவற்றையும் விட்டுவிடுங்கள். மகனுக்கு என்றால் பெண்கள் பாடசாலை கழிவுக்கு வராது. வேறு மொழி மூலம் என்றாலும் வராது. மிஞ்சியதை வரைபடத்தில் புள்ளியாகப் போட்டு, பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மோட்டார் சைக்கிள் மீற்றரில் தூரத்தை அளந்து எழுதுங்கள்.

பங்குனி 11, நெடுங்கேணி

மோட்டார் சைக்கிள் மீற்றர் வேண்டாம். அது வீதித் தூரம். வட்டம் கீறுவது நேர்கோட்டுத் தூரத்துக்கு. கூகிள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது, வீட்டு வாசலில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும். வாய்க்கால் கரையால் சுற்றிப் போகும் ஊர்களில் இந்த இரண்டு தூரமும் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும்.

பங்குனி 11, முறிகண்டி

நெடுங்கேணி சொன்னதே சரி. நேற்று நான் எழுதிய கடைசி வரியை விட்டுவிட்டு நேர்கோட்டில் அளவுங்கள். வீதித் தூரம் வேறொரு காரியத்துக்குத் தேவை, அதைப் பின்னுக்கு எழுதுகிறேன்.

நேர்கோட்டு அளவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வன்னியில் அது அடிக்கடி பொருந்தும். கிட்டவுள்ள பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு, கடனீரேரி, சதுப்பு, காடு போன்ற இயற்கைத் தடை இருந்து பிள்ளை போய்வர முடியாவிட்டால், அந்தப் பாடசாலைக்காகப் புள்ளி கழிக்கக்கூடாது. கனகராயன் ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கும் குளத்துப் பின்பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களே இதைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஆற்றைக் காட்டி, பாலம் எங்கே இருக்கிறது, சுற்றிப் போனால் எத்தனை கிலோமீற்றர் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். கேட்கும் சபையில் இருப்பவர் அந்த ஒழுங்கைக்கு ஒருநாளும் வராதவராக இருக்கலாம்.

பங்குனி 12, புதுக்குடியிருப்பு அம்மா

நன்றி அண்ணா. வாசிக்கத் தலை சுத்துது. ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். இவர் அரச உத்தியோகம். இடமாற்றத்திலதான் வாறம். அப்ப அந்த 4க்குள்ள வருவமோ?

பங்குனி 12, முறிகண்டி

கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ‘சேவை அவசியம் கருதி’ என்று இருக்கிறதா, ‘தங்கள் வேண்டுகோளின்படி’ என்று இருக்கிறதா? தானே கேட்டு வாங்கிய மாற்றம் இந்தப் பிரிவில் எடுபடாது. அவசியம் கருதிய மாற்றம்தான் என்றாலும் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள தூரத்துக்கும் புள்ளி உண்டு. புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்கு வருவதில் அது பெரிதாக வராது. ஆனாலும் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் தகுதி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் போடவேண்டும். ஒரே படிவத்தில் இரண்டு பிரிவையும் எழுதினால் பிழையாகிவிடும். பதிவுத் தபாலில் அதிபருக்கு அனுப்பி, தபால் துண்டைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

பங்குனி 14, முறிகண்டி

காணி விசயம். வன்னியில் இதுதான் முள்ளு.

இங்கே பெரும்பாலான வளவுகள் அரச காணி. உத்தரவுப்பத்திரம், சனம் சொல்வதுபோல் பெர்மிற், அல்லது அளிப்புப் பத்திரம். அது பெரும்பாலும் அப்பப்பா அல்லது அம்மம்மா பெயரில் இருக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. சாட்சி வைத்து வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய ‘விற்பனைக் கடிதம்’ நேர்முகத்தில் காணி உறுதி என்று எடுபடாது. காசு கொடுத்து வாங்கினோமே என்று அழுதாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வீடு வாங்குவதாக இருந்தால் முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளையில் அந்தக் காணித் துண்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாய் தகப்பன் பெயரில் இருந்தாலும் புள்ளி உண்டு, உங்கள் பெயரில் இருப்பதைவிடக் குறைவு. எத்தனை வருடமாக அந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

வாடகை என்றால் பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சு வாடகைக்கு ஒன்றுமில்லை. பல வீட்டுக்காரர் எழுத்தில் தரப் பயப்படுவார்கள், காணி பெர்மிற் காணியாக இருப்பதும் ஒரு காரணம். வீடு பிடித்த பிறகு கேட்காமல் முதல் நாளே கேளுங்கள்: உறுதிக் காணியா, ஒப்பந்தம் எழுதிப் பதிவார்களா, எங்கள் பெயரை வாக்காளர் படிவத்தில் போட விடுவார்களா? மூன்றுக்கும் ஓம் என்று சொல்லும் வீடு, இரண்டாயிரம் கூட என்றாலும் மலிவு.

பங்குனி 14, வட்டக்கச்சி

வாக்காளர் பதிவைப் பற்றி. படிவம் விதானையார், அதாவது கிராம அலுவலர், மூலம் வரும். வீட்டுக்காரர் தன்ர ஆக்களை மட்டும் போட்டுத் திருப்பிக் குடுத்திட்டா வாடகைக்காரர் இடாப்பில இல்லாமப் போயிடும். நீங்கள் நேரா விதானையாரிட்டப் போய் எங்களையும் பதியுங்கோ எண்டு கேக்கலாம். சாதாரணமா வசிக்கிற இடத்தில பதியிறது உங்கட உரிமை. வரைவு இடாப்பு காட்சிக்கு வைக்கேக்க போய்ப் பாருங்கோ, பெயர் இல்லையெண்டா அப்பவே கோரிக்கை குடுக்கவேணும். தேர்தல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டும் பாக்கலாம்.

புருசன் பெயர் மட்டும் இருந்து மனுசியின்ர பெயர் தாய் வீட்டில கிடந்தாலும் புள்ளி குறையும். கலியாணம் கட்டி ஆறேழு வருசமாகியும் மாத்தாமல் விடுறவை கன பேர்.

பங்குனி 16, நெடுங்கேணி

இவ்வளவு புள்ளிக் கணக்கும் வன்னியில் எத்தனை பாடசாலைக்குத் தேவை? ரவுணுக்குள் பெயர்பெற்ற சிலவற்றுக்குத்தான். மிச்ச இடங்களில் தரம் 1க்குப் பிள்ளை போதாமல் அதிபர்மார் வீடு வீடாகத் திரிகிறார்கள். அங்கே விண்ணப்பம் போட்டால் இடம் உறுதி. கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும்.

பங்குனி 16, இரவு, முறிகண்டி

ஓம், நான் இத்தனை நாளாகப் புள்ளியிலேயே நின்றுவிட்டேன். தங்கச்சி, உங்கள் இடாப்பு நிலைமைக்கு ரவுண் பாடசாலை ஒன்றை மட்டும் நம்பி அதன் மதிலோரம் கூடிய வாடகை கொடுப்பது வீண் என்பதே என் முடிவு. இரண்டாம் மூன்றாம் தெரிவாக எந்தப் பாடசாலையை எழுதுவீர்களோ, அதை முதலில் நல்லதாகத் தேடி, அதற்குப் பக்கத்தில் வீடு எடுங்கள். ரவுண் கிடைத்தால் பஸ்ஸில் போகலாம்.

பாடசாலையை எப்படிப் பார்ப்பது?

முதலில் வகை. 1 ஏபி என்றால் உயர்தரம் விஞ்ஞானம் வரை. 1 சி என்றால் உயர்தரம் கலை, வணிகம். வகை 2 என்றால் 11ஆம் தரம் வரை. வகை 3 என்றால் ஆரம்பப் பாடசாலை, 5 அல்லது 8 வரை. வகை 3 மோசம் என்று நினைக்க வேண்டாம், ஆரம்பக் கல்விக்கு வன்னியில் நல்ல பள்ளிகள் பல அந்த வகை. ஆனால் 5 முடிந்து எங்கே போவார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டினால் 6ஆம் தரத்தில் வேறு பாடசாலை கிடைக்கும். தாண்டாத பிள்ளைகள் வழமையாக எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள், அது எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, தரம் 1இல் கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள். 30, 28, 31 என்றால் நிலையான பள்ளி. 14, 9, 5 என்று இறங்கினால் விரைவில் இரண்டு வகுப்பை ஒரு ஆசிரியர் சேர்த்து எடுக்கும் நிலை வரும், அல்லது வந்திருக்கும். பிள்ளை குறைந்த வகுப்பில் கவனிப்புக் கூட என்பதும் உண்மை. ஐந்து பேருக்கு ஒரு ஆசிரியர் என்றால் நல்லது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர் என்றால் இல்லை.

மூன்றாவது ஆசிரியர். ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், ஊரில் இருப்பவர் எத்தனை பேர், யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர் எத்தனை பேர்? கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்ததும் இடமாற்றம் எடுத்துப் போவார்கள். ஒரே வருடத்தில் மூன்று பேர் போய் பதிலுக்கு ஒருவரும் வராத பள்ளி என்றால் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கும் வயதில் ஆசிரியர் இருக்கமாட்டார். காலை 7.20க்குக் கேற்றடியில் நின்று பாருங்கள். மணி அடிக்க முன்னம் எத்தனை ஆசிரியர் உள்ளே இருக்கிறார்கள் என்பது எந்த அறிக்கையிலும் இராது.

பங்குனி 17, நெடுங்கேணி

தண்ணியையும் கேளுங்கள். வவுனியாப் பக்கமும் வன்னியின் பல ஊர்களிலும் கிணற்றுத் தண்ணியில் கல் தன்மை அதிகம், சிறுநீரக நோயும் உண்டு. பள்ளியில் சுத்திகரித்த தண்ணி இருக்கிறதா, இயந்திரம் ஓடுகிறதா, இல்லை பிள்ளை போத்தலில் கொண்டு போகவேண்டுமா? மலசலகூடத்தை உள்ளே போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பங்குனி 19, முறிகண்டி

வீதித் தூரம் பற்றிச் சொல்வதாக இருந்தேன்.

பங்குனியில் வீடு பார்த்தால் எல்லா ஒழுங்கையும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாழ்நிலங்கள் மூழ்கின. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வீடு எடுத்தால் சுவரில் தண்ணிக் கறை எந்த உயரத்தில் என்று பாருங்கள், பாடசாலைச் சுவரிலும் பாருங்கள். வெள்ளம் வந்தால் மேட்டிலுள்ள பாடசாலைதான் இடைத்தங்கல் முகாம் ஆகும். முகாம் கலைந்து துப்புரவாக்கும்வரை பாடம் இல்லை.

ஏ9 கண்டி வீதியைப் பிள்ளை கடக்க வேண்டியிருந்தால் அந்த வீட்டை நான் பின்னுக்குத் தள்ளுவேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேகம் கணக்குத் தெரியாது. மேற்கே பள்ளி என்றால் மேற்கே வீடு பாருங்கள், கிழக்கே என்றால் கிழக்கே.

பஸ் நேரத்தைக் காகிதத்தில் நம்ப வேண்டாம். ஒரு கிழமை நாளில் போய்ப் பாருங்கள். தவணை விடுமுறையில் பார்த்தால் பிழையான கணக்கு வரும். ஆரம்ப வகுப்புச் சின்னதுகளை முன்னமே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு பஸ் இருக்கிறதா, இல்லை பெரிய பிள்ளைகள் விடும்வரை நிற்கவேண்டுமா? துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டோர வீதி என்றால் காலையில் யானை நிற்கும் இடங்களை ஊரவரிடம் கேளுங்கள். முகமாலைப் பக்கம் குறுக்குப் பாதை எதையும் பிள்ளைக்குப் பழக்க வேண்டாம், மிதிவெடிப் பலகை இல்லை என்பதற்காக நிலம் துப்புரவு என்று இல்லை.

பங்குனி 21, ஒட்டுசுட்டான்

இடையில் வருகிறேன். பெற்றோர் அந்தப் பாடசாலையில் படித்திருந்தால் 25 வீதப் பிரிவு இருக்கிறதே? இடப்பெயர்வில் விடுகைப் பத்திரம் தொலைந்தவர்கள் என்ன செய்வது?

பங்குனி 21, முறிகண்டி

முதலில் பாடசாலைக்குப் போய்ச் சேர்வு இடாப்பு மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் புதிய பிரதி எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால் தேர்ச்சி அறிக்கை, விளையாட்டு, சாரணர், தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழ், எதுவும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். உறவினர் வீட்டிலும் தேடுங்கள். இதை விண்ணப்ப மாதத்தில் தொடங்கினால் முடியாது.

பங்குனி 24, புதுக்குடியிருப்பு அம்மா

உங்கட எழுத்துகளைக் கொப்பியில எழுதி வைச்சு நாங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாத்தம். ரவுணுக்கு மேற்கால ஒரு வீடு, உறுதிக் காணி, ஒப்பந்தம் எழுதித் தாறம் எண்டினம். எழுநூறு மீற்றரில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், கண்டி வீதி கடக்கத் தேவையில்லை. தரம் 1இல போன வருசம் 26 பிள்ளையள். ஒரு கேள்வி மட்டும். சின்னவளுக்கு அண்ணா படிக்கிற பள்ளிக்கூடமே கிடைக்குமோ?

பங்குனி 24, முறிகண்டி

அண்ணா அங்கே படித்துக்கொண்டிருக்கும்வரை 15 வீதப் பிரிவில் போடலாம். அதற்கும் வதிவிடம் பார்ப்பார்கள், ஆனால் சின்னவள் விண்ணப்பிக்கும்போது உங்கள் இடாப்பில் சில ஆண்டு சேர்ந்திருக்கும். அவள் பிறந்த திகதியை தை 31ஓடு வைத்துப் பாருங்கள். அண்ணா 5 முடித்து வேறு பாடசாலைக்குப் போகமுதல் அவள் சேர்கிறாளா என்பது அதில்தான் இருக்கிறது.

வீடு மாறிய கிழமையே விதானையாரிடம் போங்கள், இருவரும் சேர்ந்து. புதுக்குடியிருப்பு இடாப்பில் பெயரை வெட்டச் சொல்லுங்கள், இரண்டு இடத்தில் கிடந்தால் சிக்கல். மின் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும் என்றால் வங்கிப் புத்தகத்தையும் தொலைபேசிப் பட்டியலையும் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். விலாசம் எல்லாக் கடதாசியிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ஒன்றில் ‘2ஆம் ஒழுங்கை’, மற்றதில் வீதிப் பெயர் என்று இருந்தால் நேர்முகத்தில் அரை மணித்தியாலம் அதற்கே போகும்.

பங்குனி 25, வட்டக்கச்சி

சேர்க்கைக்கு ஆரும் அன்பளிப்பு, கட்டட நிதி எண்டு காசு கேட்டா குடுக்க வேண்டாம், சுற்றுநிருபம் அதைத் தடுக்குது. தற்காலிகப் பட்டியல் ஒட்டினதும் நேர போய்ப் பாருங்கோ, மேன்முறையீட்டுக்குக் குடுக்கிற நாள் கொஞ்சம்தான்.